முன்பணமாகப் போட்ட மொட்டை

முகத்தைப் பார்த்து ஆள் யாரென்று சொல்லும் மென்பொருளைச் செய்துவிட்டு, அதைத் தேர்வாளர் முன்னால் இயக்கிக் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் திருத்தணி மலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தவன் நான். இதைவிடப் பெரிய அறிவாளி யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

எங்கள் வீட்டின் பின்கட்டில் விசைத்தறி ஓடும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் விடிந்ததிலிருந்து அந்தக் கொட்டகைக்குள் நிற்பார். காது பாதி போய்விட்டது. வீட்டில் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதுபோல் இருக்கும். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று எனக்கு ஒரே ஒரு சட்டம் போட்டார்: "தறிப் பக்கம் கால வெச்ச, கால ஒடச்சிடுவேன். நீ படி, போதும்." அதற்கப்புறம் கொட்டகை வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடுவதோடு சரி. அறுந்த இழையைப் பிடித்துக் கொடுக்கக்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. தெருவில் என் வயதுப் பையன்கள் எல்லாம் தறியில் நின்றார்கள். நான் மட்டும் கழுத்தில் அடையாள அட்டையோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ராஜகுமாரன் மாதிரி.

படித்தது சாப்ட்வேர் இன்ஜினியரிங். ஏன் அதை எடுத்தாய் என்று முதல் வருஷம் ஒரு மேடம் கேட்டார். "லேப்ல ஏசி இருக்குமாமே மேடம்" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. எது புரியவில்லையோ அதை வைத்து ஒரு ஜோக் அடித்தேன். ஜோக் அடித்துவிட்டால் புரிந்த மாதிரியே ஒரு நிம்மதி. புரோகிராம் எழுதச் சொன்னால் இணையத்தில் எவனோ எழுதியதை எடுத்து, உள்ளே இருந்த பெயர்களை மாற்றி, ஓடினால் கைதட்டுவேன். ஓடாவிட்டால் பக்கத்தில் இருக்கும் நண்பனிடம் கொடுப்பேன். அவன் திருவாலங்காட்டுக்காரன், கரும்பு வெட்டும் வீட்டுப் பிள்ளை. நான் திருத்தணியில் பிடிக்கும் அதே வண்டியில் அவன் நடுவில் ஏறுவான். அவனுக்கு இடம் பிடித்து வைப்பது என் வேலை. எனக்குப் பரீட்சைக்குச் சொல்லிக் கொடுப்பது அவன் வேலை. பாதி நாள் நான் தூங்கிவிடுவேன்.

இப்படிப்பட்டவனுக்குக் கடைசி வருஷத்தில் வேலை கிடைத்தது. கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த ஒரு சென்னைக் கம்பெனி, வாய்ச் சாமர்த்தியத்தைப் பார்த்து ஏமாந்து என்னையும் எடுத்துவிட்டது. ஒரே நிபந்தனை: எந்தத் தாளும் பாக்கியில்லாமல் இந்த வருஷமே முடிக்க வேண்டும். நைனா டீக்கடையில் நின்று, "எம்பையன் இனிமே மெட்ராஸ்ல" என்று கத்திப் பேசியதைத் தெருமுனை வரைக்கும் கேட்டார்கள். அம்மா உடனே வேண்டிக்கொண்டாள். வேலையில் போய் உட்கார்ந்ததும் பிள்ளைக்கு மலையில் மொட்டை.

மீதி இருந்தது ப்ராஜெக்ட் மட்டும்தான். நானும் நண்பனும் சேர்ந்து, கேமரா முன்னால் வந்து நின்றால் முகத்தை அடையாளம் கண்டு வருகைப் பதிவு போடும் மென்பொருள் செய்தோம். செய்தோம் என்றால், அவன் செய்தான், நான் எல்லாரையும் படம் எடுத்தேன். வகுப்புப் பையன்கள், ஆசிரியர்கள், எங்கள் துறைத் தலைவர். அவருக்கு வழுக்கை. பளபளவென்று இருக்கும். வெளிச்சம் அடித்ததால் அவரை மட்டும் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேள்வி கேட்பார் என்றார்கள். உட்கார்ந்து படித்திருக்கலாம். திருத்தணிக்காரனுக்கு அப்படி யோசனை வருமா? ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது. ஏறினேன். தலையைக் கொடுத்தேன். சந்தனத்தைப் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நைனா என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"இன்னாடா இது? வேல கெடச்சி போய் குந்தினப்புறம் போடறதுதான வேண்டுதலு?"

"அட்வான்ஸ் நைனா. முன்னாடியே வாங்கிக்கினாரு இல்ல, இனிமே அவரு செஞ்சித்தான ஆவணும்?"

"அட்வான்ஸ் வாங்கிக்கினு வேல செய்றதுக்கு சாமி இன்னா என்ன மாதிரி தறிக்காரனாடா?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குத் தெரிந்து அவர் அப்படிச் சிரித்தது அபூர்வம்.

மறுநாள் காலை திருவாலங்காட்டில் நண்பன் ஏறினான். நான் பிடித்து வைத்திருந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டான். கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தவன் முகம் வெளுத்தது.

"வூட்ல யாருக்காவது இன்னாவாவது...?"

"சேச்சே. வேண்டுதல்டா."

உட்கார்ந்தான். என் தலையை ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "மச்சான், எனக்கே உன்ன தெரியல. அதுக்குத் தெரியுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் என் தலைக்கும் என் ப்ராஜெக்ட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்றே எனக்குத் தோன்றவில்லை. அவனுடைய லேப்டாப் பழசு, மின்சாரத்தில் செருகாமல் எழுந்திருக்காது. கல்லூரிக்குப் போய் என்னைப் புதிதாகப் படம் எடுத்துச் சேர்த்துவிடலாம் என்று ஓடினோம். தேர்வாளர் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். அழைத்த முதல் குழு எங்களுடையது.

நண்பன் கேமரா முன்னால் நின்றான். பச்சைக் கட்டம் வந்தது, அவன் பெயர் வந்தது. தேர்வாளர் தலையாட்டினார். "நீ நில்லுப்பா" என்றார் என்னைப் பார்த்து.

நின்றேன். கட்டம் என் முகத்தைச் சுற்றிக் கொஞ்ச நேரம் தடுமாறியது. அப்புறம் திரையில் எழுத்து வந்தது: 'துறைத் தலைவர். வருகை பதிவானது.'

ஆய்வகமே வெடித்துச் சிரித்தது. துறைத் தலைவர் பின்னால்தான் நின்றிருந்தார். அவர் கை தன்னையறியாமல் தலைக்குப் போய் இறங்கியதைப் பார்த்தேன். தேர்வாளரும் சிரித்தார். நானும் சிரித்தேன். தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன். இத்தனை நாள் இப்படித்தானே தப்பித்தேன்.

"நேத்துதான் சார் மொட்டை அடிச்சேன். அதான்" என்றேன்.

"சரி, மொட்டை அடிச்சா கண்ணு மூக்கு வாய் எல்லாம் அங்கேதானே இருக்கு? அப்போ உன் புரோகிராம் இவ்வளவு நாளா எதைப் பாத்துட்டு இருந்துச்சு?"

"அதை அல்காரிதம் பாத்துக்கும் சார்."

"எப்படிப் பாக்கும்?"

எனக்கு ஒரு ஜோக்கூட வரவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். வேறு மாதிரி கேட்டார், இன்னும் எளிதாகக் கேட்டார், கடைசியில் முதல் வருஷப் பிள்ளையிடம் கேட்பதைக் கேட்டார். அதற்கும் நான் சந்தனத் தலையோடு நின்றேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் வேர்வை சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

பிறகு அதே கேள்வியை நண்பனிடம் கேட்டார். "படத்துலேர்ந்து முகத்தை வெட்டி எடுக்கும்போது முடியையும் சேர்த்து வெட்டிட்டோம் சார். அது முகத்தைவிட முடியைத்தான் அதிகமாக் கத்துக்கிச்சு" என்றான் அவன். தேர்வாளர் அவனை உட்காரச் சொன்னார்.

மொட்டையை அவர் மன்னித்துவிட்டார். நான் பேசாமல் நின்றதைத்தான் மன்னிக்கவில்லை. மதியம் துறைத் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அடுத்த செமஸ்டர்ல திரும்பச் செய்யணும்பா. கம்பெனிக்காரங்க அதுவரைக்கும் காத்திருக்க மாட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும் வண்டியில் நண்பனிடம் கேட்டேன். "முடியப் பாத்துகினு இருந்திச்சின்னு எனக்கு ஏன்டா சொல்லல?"

"சொன்னேன்டா. நீ தூங்கிகினு இருந்த."

அவன் திருவாலங்காட்டில் இறங்கினான். கையசைக்கவில்லை, நானும் அசைக்கவில்லை. காலியான அவன் இடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரே பெஞ்சு, ஒரே வண்டி, ஒரே பாடம். அவன் எப்போது இன்ஜினியர் ஆனான் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில்தான் இருந்தேன். அரக்கோணம் தாண்டியதும் ஜன்னலில் மலை வந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரியான பொருளா முடி?

வீட்டில் அம்மா இல்லை, கடைக்குப் போயிருந்தாள். பின்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று, "நைனா, வேல போச்சு" என்றேன். கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, அப்புறம் என்று கையைக் காட்டினார். தொண்டை கிழியக் கத்தினேன்: "பெயிலாயிட்டேன் நைனா! வேல போச்சு!" நான் வாயைத் திறந்த அந்த நேரம் பார்த்து ஓர் இழை அறுந்து அவர் தறியை நிறுத்தியிருந்தார். தெரு முழுவதும் கேட்டிருக்கும். எதிர்வீட்டுத் தறிகூட ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது.

நைனா திரும்பவில்லை. அறுந்த இழையின் இரண்டு நுனிகளையும் தேடி எடுத்து, விரலில் உருட்டி முடிச்சுப் போட்டார். நான் வாசற்படிக்கு வெளியே, அவர் சொன்ன சட்டப்படி, கால் வைக்காமல் நின்றேன். அவர் திட்டட்டும், அடிக்கட்டும், அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று பொய்யாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். முடிச்சை இழுத்துப் பார்த்தார். மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். பிறகுதான் என்னைப் பார்த்தார். முகத்தையல்ல, தலையை.

"நான் இப்ப இன்னா பண்றது நைனா?"

"சந்தனத்தக் கழுவிக்கினு வந்து தறியில நில்லு."