சவுக்காரத் தண்ணீரில் கழுவிய பேரிங்

மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்த பேரிங்கைக் காதோரம் பிடித்து விரலால் ஒரு சுண்டு சுண்டினால், உள்ளே குண்டுகள் ஓடும் ஓசை மெல்லத் தொடங்கி, நீண்டு, தேய்ந்து அடங்கும். அது எத்தனை நேரம் நீள்கிறதோ அத்தனை நல்ல பேரிங் என்பது என் பதினோராவது வயதில் எனக்குத் தெரிந்திருந்த ஒரே தொழில் இரகசியம். நடுவில் ஒரு "கர்" வந்தால் மணல் புகுந்திருக்கிறது. விடாமல் "கர் கர்" என்றால் துரு. இப்போதும் பழைய மின்விசிறி எதிலாவது அந்தச் சத்தம் கேட்டால் நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன். எதிரே இருப்பவர்கள் எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

பேரிங்குகள் மொத்தம் நான்கு. என் தங்கை சாந்தா அவற்றின் மேல்தான் நடமாடினாள். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு கால்களும் விளங்காமல் போயின. எட்டு வயது வரை அம்மாதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த காதர் பாய், எங்கள் தெருமுனையில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர், ஒருநாள் இரண்டடிப் பலகையின் அடியில் அச்சு அடித்து, கழற்றிப் போட்ட பழைய பேரிங்குகளைப் பொருத்திக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். கைக்கு ஒன்றாக இரண்டு மரக்கட்டைகள். அவற்றால் தரையை உந்தினால் பலகை ஓடும். அன்று தெருக்கோடி வரை தனியாகப் போய்த் திரும்பிய சாந்தா, வீட்டுக்குள் வரமாட்டேன் என்று அழுதாள்.

"வாரத்துக்கு ஒரு தபா கழட்டி, கெரசின்ல ஊறப் போட்டு, கிரீஸ் வெச்சிடும்மா. தண்ணி மட்டும் காட்டாத" என்று காதர் பாய் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை காலைகள் எனக்குப் பேரிங் காலைகள். கொல்லையில் தகர டப்பாவில் மண்ணெண்ணெய், குண்டுகளுக்கு இடையே மணல் எடுக்கக் கோழி இறகு, துடைக்க நெசவுக் கழிவு நூல், பட்டறையில் வாங்கிவந்த கிரீஸ் ஒரு விரல். சாந்தா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் ஒவ்வொன்றாகச் சுண்டிக் காட்டக் காட்ட, "இது பாஸு, இது பெயிலு" என்று மார்க்குப் போடுவாள்.

ஆனால் அந்தப் பலகைக்கு ஆயுள் கெட்டி இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வாலாஜாபாத்திலிருந்து வரும் மாமாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "பொம்பளப் புள்ள தெருவுல தேச்சிக்கினு போவுது, நல்லாவா இருக்குது? மெட்ராஸ்ல இந்த மாதிரி புள்ளைங்களுக்கு விடுதி இருக்குது மச்சான், இட்டுனு போய் விட்ருங்க" என்று வரும்போதெல்லாம் அப்பாவிடம் ஓதுவார். அப்பா உடனே தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. "ஒரே ஒரு அடி பட்டுக்கினு வரட்டும், பலகைய அடுப்புல வெச்சிட்டு நானே இட்டுனு போறேன்" என்று சொல்லிவைத்தார். அப்பா சொன்னதைச் செய்கிறவர். அன்றிலிருந்து சாந்தா முட்டி சிராய்ந்தால்கூடப் பாவாடையை இழுத்துவிட்டு மறைத்துக்கொள்வாள்.

அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் கை முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். கச்சாப் பட்டை முதலில் சவுக்காரமும் சோடாவும் போட்ட கொதிநீரில் முக்கிப் பசை எடுப்பார். விறைத்துக் கிடந்த நூல் வெள்ளையாக, மெத்தென்று, பளபளவென்று வெளியே வரும். அந்த ஆண்டு தேரோட்டத்துக்கு முந்திய வாரம் ஒரு கல்யாணப் புடவைக்கான சிட்டத்தில், அதாவது நூல் கட்டில், கட்டைவிரல் அகலத்துக்குச் சாயம் ஏறவில்லை. எண்ணெய்க் கை பட்டிருக்கிறது. யார் கை என்று அப்பா கேட்கவில்லை. "இந்த நூலு முடியற வரைக்கும் கெரசினு, கிரீஸு எதுவும் வூட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தேருக்கு இரண்டு நாள் இருந்தது. சாந்தா முதல் தடவையாகத் தன் பலகையிலேயே ராஜ வீதிக்கு வந்து தேர் பார்க்கப் போகிறாள். அம்மா அரை மனதோடு சரி என்றிருந்தாள். பேரிங்கில் ஒரு வாரத்து மண். என்ன செய்வது? கொப்பரையில் பசை எடுத்த சவுக்காரத் தண்ணீர் இன்னும் சூடாக மிச்சம் இருந்தது. பட்டையே மெத்தென்று ஆக்குகிற தண்ணீர் இரும்பை என்ன செய்துவிடும்? காதர் பாய் தண்ணீர் கூடாது என்றாரே தவிர சவுக்காரத் தண்ணீர் கூடாது என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன். நான்கையும் போட்டுக் கலக்கினேன். பழைய கிரீஸ் எல்லாம் கழன்று, வெள்ளிக் காசு போல மின்னிக்கொண்டு வந்தன. சிட்டத்தை உலர்த்துவது போலவே மூங்கில் கழியில் கோத்து நிழலில் உலர்த்தினேன். வெயிலில் போட்டால் பளபளப்பு போய்விடும் என்பது சாயக்காரர் வீட்டுப் பழக்கம். கிரீஸ் வைக்கவில்லை, அதுதான் தடையாயிற்றே. சாந்தா பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்குதுக்கா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேரன்று காலையில் பலகை வாசற்படி தாண்டியதுமே அந்தச் சத்தம் கேட்டது. பின்பக்கம் வலது பேரிங். கர் கர். வெளியே மின்னினாலும், உள்ளே குண்டுகள் கிடக்கும் பள்ளத்தில் துரு ஏறியிருந்தது. சொன்னால் சாந்தா தேர் பார்க்க வரமுடியாது. சவுக்காரத் தண்ணீர் கதையும் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில்தானே ராஜ வீதி, போய் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சத்தத்தைக் கேட்காதவள் போல அவளுக்கு முன்னால் நடந்தேன். வழியெல்லாம் அந்தச் சத்தம் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

ராஜ வீதியில் தேர் நின்றுகொண்டிருந்தது. வடம் தளர்ந்து தரையில் கிடந்தது. எதிர்ப்பக்கம் நிழல் இருந்ததால் எல்லோரும் அதைத் தாண்டிப் போனார்கள், நானும் தாண்டினேன். சாந்தா பலகையின் முன் பேரிங்குகளை வடத்தின் மேல் ஏற்றிவிட்டாள். பின் பேரிங் சுற்றாமல் நின்றுவிட்டது. இரண்டு கட்டைகளாலும் உந்து உந்து என்று உந்தினாள். பலகை இருந்த இடத்திலேயே அரைவட்டம் போட்டது. அப்போது வடம் இழுக்கப் பாட்டெடுத்துக் கொடுப்பவர் குரல் கொடுத்தார், நூறு கைகள் வடத்தைப் பிடித்தன, தரையில் கிடந்தது விண்ணென்று எழுந்தது. சாந்தா பலகையோடு தூக்கி எறியப்பட்டு, இழுப்பவர்களின் கால்களுக்கு நடுவே விழுந்தாள். சக்கரத்துக்குக் கட்டை போடும் ஆள் ஒருவர் பாய்ந்து அவளை வாரி எடுத்திராவிட்டால் இதை எழுதவே எனக்குக் கை வந்திருக்காது. வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. அழாமல் என்னையே பார்த்தாள்.

"கூட்டத்துல ஒழுங்கா போவத் தெரியாத புள்ளைய வெச்சிக்கினு என்ன பண்றது?" என்றார் அப்பா அன்று மாலை. "அவளால முடியாதுன்னு தெரிஞ்சி போச்சி." பலகை கொப்பரைக்கு அடியில் எரிந்தது. பேரிங்குகளை மட்டும் காதர் பாய் வந்து வாங்கிக்கொண்டு போனார். ஒன்றைச் சுண்டிப் பார்த்து, என்னை ஒரு பார்வை பார்த்தார். கை கட்டுப் பிரித்த வாரமே சாந்தாவை மெட்ராஸில் விட்டுவிட்டு வந்தார்கள். பஸ் ஏறும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. கோழை என்று என்னை நானே எத்தனை முறை திட்டிக்கொண்டாலும் அந்த பஸ் திரும்பி வரப்போவதில்லை.

அவள் அங்கேயே படித்து, வேலைக்குப் போய், சொந்தமாக வீடும் கட்டிவிட்டாள். விடுதிக்குப் போனதால்தான் முன்னுக்கு வந்தாள் என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுக்கு அவள் அதற்குப்பின் விருந்தாளியாகத்தான் வந்தாள். அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக் கடை. கொப்பரை பாத்திரக் கடைக்குப் போய்விட்டது. அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

போன மாதம் அவள் வீட்டில், அவள் சக்கர நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, சவுக்காரத் தண்ணீர் முதல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சாந்தா கோபப்படவில்லை. முறிந்து கூடிய வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"என்னாண்ட சொல்லலன்னா போவுது. அப்பா கடைசி வரைக்கும் என்னால முடியாதுன்னே நெனைச்சிக்கினு போயிட்டாருக்கா" என்றாள்.