பொறுக்கிப் போட்ட சோளம்

எழுபதுகளில் மண்ணூருக்குப் பக்கத்தில் ஒரு கோழித்தீவன ஆலையில் எனக்கு வேலை. லாரியில் வந்து இறங்கும் மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டிய ஓர் அறை, ஓர் ஊதா விளக்கு, நான். அரைத்த சோளத்திலிருந்து எடுத்த சாற்றைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி விளக்கின் அடியில் வைப்பேன். நீலப் புள்ளி தெரிந்தால் நஞ்சு. கோழி செத்துவிடக் கூடாதே என்று அவ்வளவு கவனம். மனிதர்களைப் பற்றி அங்கே யாருக்கும் யோசனை கிடையாது, என்னையும் சேர்த்துத்தான்.

ஆலையில் யாரும் என்னோடு ஒட்டவில்லை. மூட்டையைத் திருப்பி அனுப்புகிறவனிடம் யார் சிரித்துப் பேசுவார்கள்? சொல்ல வெட்கமாக இருக்கிறது, சில நாள் அந்தத் தகடுகளோடு பேசியிருக்கிறேன்.

சோளம் புடைக்கும் பெண்களில் ஒருவர் மட்டும் அப்படியில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மதியம் சொம்பில் கூழோடு வந்து கதவைத் தட்டுவார். "இன்னா சாரு, உள்ளயே குந்திகினு கீற? வா, கொஞ்சம் குடி." வாசற்படியில் உட்கார்ந்து குடிப்போம். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன்.

ஒரு மழைக்குப் பிறகு வந்த சோளம் தேறவில்லை. முதலாளி தாம் தூம் என்று குதித்தார். நான் ஒரு யோசனை சொன்னேன். கறுத்த, சுருங்கிய மணிகளைப் பெண்களை விட்டுப் பொறுக்கி எடுத்துவிட்டால், மிச்சத்தை மறுபடி சோதிக்கிறேன் என்றேன். இரண்டு நாள் பொறுக்கினார்கள். மிச்சம் தேறிவிட்டது. முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலைந்து நாள் கழித்துக் கூழில் ஒரு கசப்பு.

"சோளம் எங்கே வாங்கினீங்க அக்கா?"

"வாங்கறதா? பொறுக்கிப் போட்டது எங்களுக்குத்தான சாரு. எப்பவும் அப்டித்தான். இந்த வாட்டி மடி நெறைய கெடச்சுது" என்று சிரித்தார்.

மிச்சக் கூழை எடுத்துப்போய்ச் சோதித்தேன். அவ்வளவு பளிச்சென்ற நீலத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. கோழிகளுக்காக நான் பிரித்தெடுக்கச் சொன்ன நஞ்சு மொத்தமும் அந்தப் பெண்களின் மடிக்குப் போயிருந்தது. கழித்த மணி எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்த முட்டாள் நான்.

முதலாளியிடம் ஓடினேன். கழித்ததை எரித்துவிடுங்கள், அவர்களுக்கு நல்ல சோளம் கொடுங்கள் என்றேன். முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். அன்றே குடோனுக்குப் பின்னால் எரித்தார்கள். இனி யாரும் ஒரு மணிகூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு.

மறுநாள் அந்த அக்கா சொம்பு இல்லாமல் வந்தார்.

"நல்லா காச்சினா போயிடாதா?"

"போகாது அக்கா."

"சரி, அதுல வெசம் கீதுன்னு கண்டுபுடிச்சிட்ட. நாளிக்கி எம் புள்ளைங்களுக்கு இன்னா ஊத்தறதுன்னு அந்த லைட்ல தெரியுமா?"

அவர் போய்விட்டார்.

அடுத்த நாள் மதியம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் உள்ளே வந்து விழுந்தது. அந்த வெளிச்சத்தில் தகட்டில் எதுவும் தெரியாது, வேலை நின்றுவிடும். தெரிந்தும் கதவைச் சாத்தவில்லை. யாரும் வரவில்லை.