என் தலைமேல் அண்ணன் செய்த சத்தியம்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் படித்தவர்கள் எழுத வேண்டியதை, ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். தப்பாக எழுதியிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் செஞ்சியில், கோட்டைக்குப் போகிற சாலையிலுள்ள எங்கள் வீட்டில் பிறந்தார். எங்கள் அப்பா, நைனா, மணிலாக் கொட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்தார். அவர் தவறியதும் வியாபாரம் நொடித்துப்போய், ஆப்பிரிக்காவில் மொம்பாசா துறைமுகத்தில் துணிக்கடை வைத்திருந்த மாமாவிடம் அண்ணன் கிளம்பினார். வயது பதினெட்டு.

எங்களுடையது பொழுது சாய்ந்தபின் வாயில் ஒன்றும் போடாத சமணக் குடும்பம். கடல் கடந்த ஊரில் அது விட்டுப்போகுமே என்று எனக்கு ஒரே கவலை. பஸ் ஏறும் இடத்தில் அவரை நிறுத்தி, சத்தியம் செய்தால்தான் விடுவேன் என்று அழுதேன். என் தலையில் கை வைத்தார். "உன் தலைமேல சத்தியம், போதுமா? பஸ்காரன் திட்டறான், வுடு" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

கோட்டைக்குள் கலியாண மகாலுக்கு எதிரே பந்து உதைத்த கால், அங்கே அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. முதலில் கடைக்காரர்கள் குழு, பிறகு துறைமுகக் குழு, கடைசியில் அந்த நாட்டுக் குழு. முன்னால் ஓடுகிறவர்களுக்கும் பின்னால் காக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று, பந்தை வாங்கி மற்றவருக்குக் கொடுக்கிற இடம் அவருடையது. கோல் போட்டவன் பேர்தான் பேப்பரில் வரும் என்று எழுதுவார். அதில் வருத்தம் இருக்காது.

ஆட்டம் முடிவதற்குள் அங்கே பொழுது சட்டென்று இறங்கிவிடுமாம். மற்றவர்கள் கூடி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அண்ணனுக்கு மறுநாள் காலை வரை வெறும் வயிறு. இடைவேளையில் கோல் காப்பவர் இரண்டு வாழைப்பழம் உரித்துத் தருவாராம். அண்ணன் பந்தைக் கொஞ்ச நேரம் காலில் வைத்திருந்தால், "சீக்கிரம் கொடு, உன் சூரியன் இறங்குது" என்று அவர்கள் பாஷையில் கேலி செய்வார்களாம்.

சில ஆண்டுகளில் வயிற்றுப் புண் வந்தது. டாக்டர் ராத்திரியில் பால் குடிக்கச் சொல்கிறார், உன் தலைமேல் சத்தியம் செய்திருப்பதால் நீ சரி என்றால்தான் குடிப்பேன் என்று எழுதிக் கேட்டார். அப்போது தலைப்பிள்ளை என் வயிற்றில். எனக்கும் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். இதுவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மறு ஆண்டு, வெளிநாட்டுக் குழுவோடு நடந்த ஆட்டத்தின் பாதியில் இரத்தம் கக்கி விழுந்தார். அதோடு பந்தாட்டம் போயிற்று. ஊர் திரும்பியவர் கோட்டைப் பக்கமே போகவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டவர்களிடமெல்லாம், அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்றே சொல்லிவந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கடைசி நாள், விளக்கு வைத்த பிறகு, நானே கஞ்சி ஆற்றி எடுத்துப் போனேன்.

"குடிண்ணா, இன்னும் பொழுது போகல."

அண்ணன் மாடத்தைப் பார்த்தார். "வெளக்கு எரியுதே, பாப்பா. உன் தலைக்கு இன்னா ஆவறது? விடிஞ்சதும் குடு."

விடிவதற்குள் போய்விட்டார்.

மருந்து கொடுத்த டாக்டருக்கும், தூக்கிவிட்டு உட்கார வைத்த பக்கத்து வீட்டாருக்கும், ஈமக் காரியங்களில் உடன் நின்ற உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. வாழைப்பழம் உரித்துக் கொடுத்தவருக்கு இந்த எழுத்து புரியாது. ஆனாலும் இந்த மலரில் ஒரு பிரதி அவருக்கும் அனுப்புகிறோம்.

எனக்கும் என் பிள்ளைக்கும் இன்றுவரை ஒரு தலைவலிகூட வந்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்படிக்கு,
தங்கை