செல்வம் அண்ணன் தின்ற தாப்பாய்

இன்று காலை ஈப்போவுக்கு வேலைக்குப் போகும் வழியில், கோலா கங்சார் சாலையோரக் கடையில் வேனை நிறுத்தச் சொல்லித் தாப்பாய் வாங்கினேன். புளிக்கவைத்த இனிப்புச் சோறு. எங்கள் கம்பெனி வேன் ஓட்டும் செல்வம் அண்ணனுக்கும் ஒன்று கொடுத்தேன்.

அவர் வேனில் ஒரு கருவி இருக்கிறது. அதன் குழாயில் ஊதினால்தான் வண்டி கிளம்பும்; மூச்சில் மது இருந்தால் சிவப்பு விளக்கு எரியும். குடித்துவிட்டு ஓட்டி மாட்டியவர்களுக்கு வெளிநாட்டில் கோர்ட்டே அதைப் பொருத்தச் சொல்லுமாம். அண்ணனுக்குக் கம்பெனி பொருத்தியது. ஒரு தடவை சிவப்பு எரிந்தாலும் வேலை போய்விடும்.

ஊதினார். சிவப்பு.

"ஐயோ அண்ணே, தாப்பாய்லா! புளிச்ச சோத்துல கொஞ்சம் சாராயம் இருக்கும்ல!"

வாய் கொப்பளித்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தோம். எதிரே பழைய ரப்பர் தோட்டத்துக்குள் பனி நகர்ந்தது; மரங்கள் மெல்ல நீந்துவது போலிருந்தது. அப்படியே உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது எனக்கு. அண்ணன் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிச்ச காலத்துல குடிக்கலன்னு சொன்னேன், நம்புனாங்க. இப்ப எட்டு மாசமா தொடல தங்கச்சி. யாரு நம்புவா?"

மறுபடி ஊதினார். பச்சை. ஆனால் முதலில் எரிந்த சிவப்பைக் கருவி அதற்குள் ஆபீசுக்கு அனுப்பிவிட்டது.

நானே மேனேஜர் அக்காவுக்குப் போன் போட்டேன். "நான்தான் கொடுத்தேன்கா. நானும் அதத்தான் சாப்பிட்டேன்."



"அப்படியா? சரி, வந்ததும் நீயும் ஊதிக் காட்டு. சிவப்பு எரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை இல்ல."

இப்போது ஆபீஸ் வாசலில் நின்று மூன்றாவது பாட்டில் தண்ணீரில் வாய் கொப்பளிக்கிறேன். தாப்பாய் தின்ற அனுபவசாலிகள் சொல்லுங்கள், இது போதுமா?