புல் வெட்டும் மெஷினுக்கு ஒரு சந்தனப் பொட்டு

புல் வெட்டும் மெஷினைக் குளிப்பாட்டிய அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எங்கள் வீட்டில் உண்டு. அதன் பலனைப் போன வாரம்தான் முழுசாக அனுபவித்தேன்.

தோளில் மாட்டிக்கொண்டு, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிற பெட்ரோல் மெஷின் அது. மாங்காட்டில் எங்கள் வீட்டுத் தோட்டம் என்பது ஒரு கறிவேப்பிலை மரமும் இரண்டு செம்பருத்தியும்தான். அதற்கு எதற்கு மெஷின் என்கிறீர்களா? பக்கத்தில் ஒரு காலி மனை இருக்கிறது. சொந்தக்காரர் வெளிநாட்டில். போன் செய்தால், "அடுத்த மாசம் கிளீன் பண்ணிடறேன் மேடம்" என்பார். அந்த அடுத்த மாசம் இன்னும் எந்தக் காலண்டரிலும் வரவில்லை.

அதனால் என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன கையோடு இந்த மெஷினை வாங்கினார். அடுத்தவர் மனையை வெட்டுவதற்கென்றே மெஷின் வாங்கிய குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்.

பராமரிப்பில் அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்ரோலில் ஆயிலை அளந்து கலப்பார். வெட்டி முடித்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என்னுடைய பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பார். ஏர் ஃபில்டரைத் தட்டித் தூசி எடுப்பார். எனக்குக் காய்ச்சல் என்றால் "மாத்திரை போட்டுக்கோ" என்பதோடு சரி. அது லேசாக இருமினால் போதும்... மனுஷனுக்குச் சோறு இறங்காது!

இந்த வருஷம் அதற்கு ஒரு பெரிய வேலை காத்திருந்தது. எங்கள் ஒரே மகள் நித்யாவுக்கு ஐப்பசியில் வளைகாப்பு. அது முடிந்ததும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. காற்றோட்டமாக இருக்கும் என்று அந்த மனையைப் பார்த்த அறையை அவளுக்கு ஒதுக்கினோம். பெயிண்ட் அடித்தோம். ஜன்னலுக்குப் புதுக் கொசுவலை போட்டோம். கட்டிலைத் திருப்பிப் போட்டு, மறுபடியும் பழைய இடத்துக்கே நகர்த்தினேன். பாக்கி இருந்தது ஜன்னலுக்கு வெளியே இருந்த புதர் மட்டும்தான்.

"ஆயுத பூஜை முடியட்டும். மறுநாளே வெட்டிடறேன்" என்றார் இவர்.

ஆயுத பூஜைக்கு நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? அரிவாள்மணையிலிருந்து ஸ்கூட்டர் வரை எல்லாவற்றுக்கும் குளியல். இவர் ஹோஸ் பைப்பைப் பிடித்து ஸ்கூட்டரைக் கழுவினார். கழுவிய கை சும்மா இருக்குமா? பக்கத்தில் நின்ற மெஷின் மேலும் பைப்பைத் திருப்பினார். "அந்த இடுக்கெல்லாம் அழுக்கா இருக்கு பாருங்க" என்று எடுத்துக் கொடுத்தது நான். இடுக்குகளிலும் பீய்ச்சினார். பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாக முறுக்கியிருந்தாரா என்பது இன்றுவரை எங்களுக்குள் தீராத வழக்கு. கடைசியில் நான் பக்தியோடு சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். பளபளவென்று நின்றது... பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டலாம் போல!

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து வேலை தொடங்க வேண்டிய நாள். இவர் கயிற்றை இழுத்தார். சத்தமே இல்லை. இழுத்தார், இழுத்தார், தோள்பட்டை பிடித்துக்கொள்ளும் வரை இழுத்தார். மெஷின் சந்தனப் பொட்டோடு சாந்தமாக இருந்தது.

ஆட்டோவில் ஏற்றி, பூந்தமல்லியில் சலீம் பாய் என்கிற மெக்கானிக்கின் கடைக்குக் கொண்டுபோனோம். அவர் மெஷினைச் சாய்த்தார். தண்ணீர் ஒழுகியது.

"இன்னாமா இது, ஊட்ல குளிக்க வெச்சி இட்டுகினு வந்துகீறீங்களா?"

"ஆயுத பூஜைக்கு, பாய்..."

"அதான் பாக்குறனே, சந்தனமே இன்னும் காயல! அத்தோ பாரு, அல்லாமே பூஜ கேஸுதான்."

திரும்பிப் பார்த்தேன். சுவரோரமாக மெஷின்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் நெற்றியில் பொட்டு. ஊரே சேர்ந்து குளிப்பாட்டியிருக்கிறது.

"கார்ப்பரேட்டர் உள்ள ரப்பர் ஊறிப் போச்சும்மா. சாமான் வர்ணும்."

"பொண்ணு பிரசவத்துக்கு வரா, பாய். அதுக்குள்ள புதரை வெட்டணும்."

அவர் முகம் மாறியது. "இன்னாமா நீ, இத்த மொதல்லயே சொல்றதில்ல? ரெண்டு நாள்ல கண்டிசனா குட்துர்றேன்."

மனசார சொன்னார். ஆனால் முதலில் வந்த ரப்பர் வேறு மாடலுக்கானது. மாற்று வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கடைக்குள் தண்ணீர் புகுந்து ஷட்டரை இறக்கிவிட்டார். வேறு ஆளைக் கூப்பிட்டோம். மனையை எட்டிப் பார்த்துவிட்டு, "பாம்பு கீற எடம்மா, நம்மால ஆவாது" என்று போய்விட்டார். மழை நின்று வெயில் அடித்த நாலைந்து நாளில் புதர் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. காலையில் திரையை விலக்கினால் பச்சைச் சுவர்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நித்யா வீடியோ காலில் வந்தாள். "அம்மா, என் ரூமைக் காட்டேன்." பக்கத்தில் அவள் மாமியாரும் உட்கார்ந்திருந்தார். நான் பெருமையாக போனைத் திருப்பினேன். இது பெயிண்ட், இது புதுக் கட்டில் விரிப்பு, இது தொட்டிலுக்கு மாட்டியிருக்கிற கொக்கி, இது கொசுவலை...

கொசுவலைக்கு அந்தப் பக்கம், ஜன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டு ஒரு பாம்பு.

போனைத் திருப்புவதற்குப் பதில் பதற்றத்தில் இன்னும் கிட்டே நீட்டிவிட்டேன்; பாம்பு பெரிதாகத் தெரிந்திருக்கும். எனக்குப் பின்னாலிருந்து இவர் குரல் கொடுத்தார்... "சாரைதான். ஒண்ணும் பண்ணாது."

இதைவிட மோசமான ஒரு ஆறுதலை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

சம்பந்தி அம்மா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அன்று சாயங்காலமே போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. எங்க ஃப்ளாட் நாலாவது மாடி. பிரசவத்தை இங்கேயே பாத்துக்கறோம். நீங்க எப்ப வேணும்னாலும் வந்து போங்க."

வந்து போங்க! என் பெண்ணுக்கு நான் ரசம் வைத்துத் தர ஆசைப்பட்டால், இன்னொருத்தர் சமையலறையில் உப்பு டப்பா எது என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவர் சொன்னதில் என்ன தப்பு கண்டுபிடிப்பது? எனக்கு ஒரு மருமகள் இருந்தால், பாம்பு ஊர்கிற ஜன்னல் பக்கம் அவளை அனுப்புவேனா? மாட்டேன். அதனால் "சரிங்க" என்று சொன்னேன். அப்புறம் அந்த அறையில் போய் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

போன வாரம் அம்பத்தூரில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு நடந்தது. நித்யா இரண்டு கையும் நிறைய வளையலோடு லிஃப்ட் வரைக்கும் வந்தாள். "நான் வர்றேன்னுதாம்மா சொன்னேன்" என்றாள். தெரியும் கண்ணு என்றேன். அதற்கு மேல் பேசினால் இரண்டு பேருமே தாங்கமாட்டோம். லிஃப்ட் கதவு மூடிய பிறகும் வளையல் சத்தம் கேட்டது. அவளுக்கென்று முதுகுக்கு வைக்கக் கொண்டுபோன தலையணை, வாடகைக் காரின் பின்சீட்டில் அப்படியே திரும்பி வந்தது.

மறுநாள் காலை சலீம் பாய் போன் செய்தார். "மா, மிசினு ரெடி. ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆவுது. பொண்ணு வந்துட்சா?"

"வரும் பாய்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மெஷினை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினோம். இவர் கயிற்றை ஒரு தடவைதான் இழுத்தார். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி உறுமியது. தோளில் மாட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

"வெட்டுங்க" என்றேன்.

"யாருக்கு?" என்றார்.

உள்ளே வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வெட்டுகிற சத்தம் கேட்டது. மதியம் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. ஒரு செடி விடாமல் வெட்டினார். முடித்துவிட்டு வந்து, வழக்கம்போல என் பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பிளக்கைத் தேய்க்க உட்கார்ந்தார்.

இப்போது நித்யாவின் அறை ஜன்னலைத் திறந்தால் மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது. அம்பத்தூர் பக்கமிருந்து வருகிற பஸ் எதுவாக இருந்தாலும், யார் இறங்குகிறார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.