குழாயின் முதுகுப்பக்கம்

ஒரு குழாய் ஸ்பீக்கர் எவ்வளவு தூரம் பேசும் என்பதைக் குப்புராஜ் பாட்டு போட்டுப் பார்க்கமாட்டார். "பாட்டுன்னா ஓட்டைக் கொயாகூடக் கத்தும்" என்பார். கூட்டாளி முகிலனிடம் மைக்கைக் கொடுத்து, "சின்ன சீப்பு, பச்சை சோப்பு" என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிவிட்டு, தெருவோடு நடந்துகொண்டே போவார். எந்த இடத்தில் சீப்பு வெறும் 'ஈப்பு' ஆகிறதோ அங்கே நிற்பார். சத்தம் அதற்கு அப்பாலும் போகும். பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு முகிலனுக்குப் போன் அடித்து நிறுத்தச் சொல்வார்.

"இன்னாண்ணா, பேசாம ஒரு பேன்சி ஸ்டோர் வச்சிரு. விளம்பரமாச்சும் மிச்சம்" என்பான் முகிலன்.

அனகாபுத்தூரில் இருபத்தெட்டு வருடமாக மைக் செட் தொழில். பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் வந்து குவிந்த பிறகும் குப்புராஜ் அலுமினியக் குழாய்களை விடவில்லை. நெஞ்சை அதிரவைக்கப் பெட்டி போதும், தூரத்தில் நிற்கிறவனுக்கு வார்த்தை போய்ச் சேரக் குழாய்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. தாம்பரம் பக்கத்துக் கூட்டங்களில் யாராவது, "பேசினது தெளிவா கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு ஒரு டீ கூடுதலாகக் குடிப்பார்.

கார்த்திகைத் திருவிழாவுக்குக் கோயில் கம்பத்தில் மூன்று குழாய்கள் கட்டுவார். மூன்றும் சாமி ஊர்வலம் போகும் மூன்று தெருக்களைப் பார்த்திருக்கும். நாலாவது பக்கம் ஆற்றோரத் தெரு. சாமி அங்கே போவதில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்வதில்லை. சாமி போகாத தெருவைக் குழாயும் பார்க்காது. குப்புராஜின் வீடு அந்தத் தெருவில்தான். தன் வீட்டுக்கு முதுகைக் காட்டித்தான் அத்தனை வருடமும் அவர் குழாய் கட்டினார். தப்பாகத் தோன்றியதில்லை. அநியாயம் பழகிவிட்டால் அதற்கு வழக்கம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

போன கார்த்திகையில், பகல் பதினோரு மணிக்கு, ஆறு பெருகி வந்தது. விழாக் கமிட்டித் தலைவர் அரிகிருஷ்ணன் கோயில் மைக்கைப் பிடித்தார். "ஆத்தோரத் தெரு ஜனங்க ஒடனே ஸ்கூலுக்குப் போயிடுங்க" என்று அரை மணிநேரம் அறிவித்தார். மூன்று தெருக்களிலும் ஒரு எழுத்து சிந்தாமல் கேட்டது. அந்த மூன்றும் மேடு. அங்கே தண்ணீர் ஏறாது.

குப்புராஜ் அன்று ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில் வயர் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தனக்கோடி வீட்டில் இருந்தாள். மறுநாள் அவளைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

"தொண்டை கியியக் கத்தினேன். அவ கெளம்பல. விதி, இன்னா பண்றது?" என்றார் அரிகிருஷ்ணன், துக்கம் விசாரிக்க வந்து. தெருக்காரர்கள், "எங்களுக்கு ஒண்ணும் வெளங்கலைண்ணா, தண்ணியப் பார்த்துத்தான் ஓடினோம்" என்றார்கள். குப்புராஜ் இரண்டையும் ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. அளந்து பார்க்காத எதையும் அவர் நம்பியதில்லை. அவளுக்குக் கேட்டதா, கேட்கவில்லையா? அதை அளக்க அடுத்த கார்த்திகைக்குக் கம்பத்தில் குழாய் ஏறியாக வேண்டும்.

அந்த ஒரு வருடமும் அவர் சாப்பிட்டார், தூங்கினார், மழையில் நனைந்த குழாய் யூனிட்டுகளைத் திறந்து, அதிர்ந்து ஒலி எழுப்பும் டயாபிரம் தகட்டை மாற்றினார். அழவில்லை. மரத்த காலை ஊன்றி நடப்பதுபோல நாட்கள் போயின.

இந்தக் கார்த்திகைக்கு மூன்று குழாய்களையும் பழையபடியே, அதே கோணத்தில் கட்டினார். முகிலனிடம் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தார். "சீப்பு, சோப்பு வேணாம். இத்தப் படி."

முகிலன் படித்துப் பார்த்தான். "அண்ணா, இது அன்னிக்கு..."

"படிடா."

குப்புராஜ் நடந்துபோய்த் தன் வீட்டு வாசலில் நின்றார். கேட்டது. அவ்வளவு பெரிய சத்தம் கேட்கத்தான் செய்தது. ஆனால், பானைக்குள் வாய் வைத்துப் பேசுகிற மாதிரி வெறும் முழக்கம். தடித்த ஒலிகள் குழாயைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமும் வரும். ச, ட, த என்று சொல்லைச் சொல்லாக்குகிற மெல்லிய ஒலிகள் டார்ச் வெளிச்சம்போல வாய் பார்த்த திசையிலேயே போய்விடும். திருவிழா நாளில் இந்த முழக்கத்தைக் கேட்டவள் கோயிலில் ஏதோ நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு உலையில் அரிசியைப் போட்டிருப்பாள்.

விதி என்று ஒன்றும் இல்லை. கம்பத்தில் மூன்று குழாய், மூன்று திசை. அவ்வளவுதான் கணக்கு.

பட்டறைக்குப் போய் நாலாவது குழாயைத் தோளில் தூக்கிவந்து கம்பத்தில் ஏறினார். ஆற்றோரத் தெருவைப் பார்த்துக் கட்டி, நட்டை முறுக்கிவிட்டு இறங்கும்போது அரிகிருஷ்ணன் கீழே நின்றிருந்தார்.

"இன்னா குப்பு, புச்சா ஒண்ணு கீது?"

"ஆத்தோரத் தெருவுக்குண்ணா."

"அந்தப் பக்கம் சாமி போவாதேப்பா."

"தண்ணி போவுதுண்ணா."

அரிகிருஷ்ணனின் முகம் சுண்டியது. "இன்னிக்கு வந்து நாயம் பேசுறியே, போன வருசம் யார் கட்னது? நீதான?"

"நான்தான்" என்றார் குப்புராஜ். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஸ்பேனரை அரிகிருஷ்ணன் கையில் வைத்தார். "வேணாம்னா நீங்களே ஏறிக் கயட்டிக்கங்க."

கம்பம் முப்பதடி. அரிகிருஷ்ணன் ஸ்பேனரைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார்.

குப்புராஜ் மறுபடி தன் வீட்டு வாசலுக்கு நடந்தார். "ஆத்தோரத் தெரு ஜனங்க ஒடனே ஸ்கூலுக்குப் போயிடுங்க." ஸ்கூலின் 'ஸ்' சுத்தமாக வந்து விழுந்தது. இனி முகிலனுக்குப் போன் அடித்து நிறுத்தச் சொல்ல வேண்டியதுதான். போன் சட்டைப் பையிலேயே இருந்தது. முகிலன் படித்துக்கொண்டே இருந்தான்.