கிட்ட இருந்து வரும் பந்து

நான் லக்ரோஸ் விளையாடவென்று போனவள் அல்ல. பதினாறு வயதில் ஹாண்ட்பாலில் சேரப் போனேன். இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது பக்கத்து மைதானத்தில் சில பெண்கள், நுனியில் சிறு வலை கட்டிய நீளமான மட்டைகளால் ஒரு பந்தை ஏந்துவதும் எறிவதுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் வகுப்புக்காரி. புதுச்சேரிக் குடும்பம். வகுப்பில் என்னைத் தவிரத் தமிழ் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், ஆனாலும் எங்களுக்குள் பிரெஞ்சில்தான் பேசிக்கொள்வோம். கோலில் நிற்க ஆளில்லை, வருகிறாயா என்று கேட்டாள். ஏன் ஆளில்லை என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரமே விளங்கிவிட்டது. லக்ரோஸ் கோல் சின்னது. ஓர் ஆள் உயரம், அதே அகலம். பந்து கெட்டியான ரப்பர். தூரத்திலிருந்து வந்தால் கண்ணுக்குத் தெரியும், மட்டையைக் கொண்டுபோய் வைக்கலாம். கிட்ட வந்து எறிந்தாலோ, எறிபவளின் கை அசைவது தெரியும், பிறகு பின்னால் வலை அசைவது தெரியும். நடுவில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் பயிற்சியாளர் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. ஓரத்தில் நின்று "பொறு, பொறு" என்று கத்துவார். பிரெஞ்சில் அந்தச் சொல் "அத்தான்" என்றுதான் காதில் விழும். முதல் நாள் நானும் தோழியும் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பி நின்றோம். போகப்போக எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறு என்றவர் அடுத்த மூச்சில் "பந்தை நோக்கி முன்னே போ" என்பார். பொறுப்பதா, போவதா? பந்தைப் பார் என்பார் அவர். தோழி வந்து, பந்தைப் பார்க்காதே, மட்டையின் தலையைப் பார் என்பாள். மேலே எறிவதுபோலக் காட்டிவிட்டுக் கீழே எறிவது அவளுக்குக் கைவந்த வேலை. ஒவ்வொரு முறையும் ஏமாந்தேன். ஏமாறக் கூடாது என்று அசையாமல் நின்ற நாளில் அவள் காட்டியபடியே மேலே எறிந்தாள்.

தொடையிலும் புயத்திலும் நீலம் பாரித்தது. லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்துவிட்டு வந்த அம்மா ஒருநாள் அதைக் கண்டுவிட்டார்.

"என்ன பிள்ளை இது? ஆர் உனக்கு அடிச்சது?"

ஒன்றுமில்லை என்று பிரெஞ்சில் சொன்னேன்.

"தமிழிலை சொல்லு. ஆர் அடிச்சது?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை அம்மா. பந்து பட்டது."

"பந்தோ? எந்தப் பந்து இப்பிடிக் கண்டிப்போகப் பண்ணும்?"

அவர் நம்பவில்லை. அந்தச் சனிக்கிழமை கடையில் சொல்லிவிட்டு பஸ் ஏறி மைதானத்துக்கே வந்துவிட்டார். நான் கவனிக்கவில்லை. தோழி கிட்ட ஓடிவந்து எறிந்த பந்து என் தொடையில் பட்டு நான் குனிந்த நேரம், குளிர் ஜாக்கெட்டும் கைப்பையுமாக அம்மா மைதானத்தின் நடுவே வந்துகொண்டிருந்தார். பயிற்சியாளர் விசில் ஊதியும் அவர் நிற்கவில்லை. நேரே தோழியிடம் போனார்.

"நீதானோ என்ரை பிள்ளைக்கு எறியிறது?"

அவள் பயந்துபோய்க் கண்ணுக்குப் போட்டிருந்த காப்பைக் கழற்றினாள். "ஆமாம்மா. ஆனா வெளாட்டுதாம்மா இது. அவ அதைத் தடுக்கணும்."

தமிழில் பதில் வருமென்று அம்மா எதிர்பார்க்கவில்லை. கோபம் பாதியில் நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"அவ எறியேக்கை நீ விலகலாம்தானே? ஏன் அதிலையே நிக்கிறாய்?"

"விலகினா கோல் விழுந்திடும் அம்மா."

"விழுந்தா விழட்டும். கால் உன்ரை கால்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய குழப்பம் பிறகுதான் வந்தது. பயிற்சியாளர் அன்று போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினார். பந்து புறப்படுமுன்பே என் முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. முழங்கால் மடிந்திருந்தது. கண் மூடியிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன் என்று அதுவரை சத்தியம் செய்திருப்பேன். அம்மா விலகச் சொன்னதைத்தான் என் உடம்பு எனக்குச் சொல்லாமலே செய்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தோழியும் நானும் ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம், கால்வாய்க்கரையில் ஒரு சுவரருகே டென்னிஸ் பந்துகளோடு பழகினோம். எனக்கு மட்டை கிடையாது, வெறும் கை. பிடிக்க வேண்டாம், எங்கே வருகிறது என்று மட்டும் சொல் என்றாள். மேலே, கீழே, இடது என்று கத்தினேன். அவள் எறியுமுன் வாய் முந்திவிடும், பாதி பிழையாக இருக்கும். வாயைக் கட்டிப்போட்டால் கை தானாகப் போய்ப் பந்தைப் பிடித்தது. சந்தோஷமாக மைதானத்துக்குப் போய் மட்டையைப் பிடித்தால் பழையபடி தப்பியது. முன்னேறுகிறேனா என்று கேட்டால் ஓம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம் என்ற நிலையில் குளிர்காலம் போனது.

வசந்தத்தில் ஒரு போட்டி. அம்மாவும் வந்திருந்தார். கடைசிப் பகுதியில் எதிரணிக்காரி ஒருத்தி எங்கள் ஆட்களையெல்லாம் தாண்டித் தனியாக என் முன்னால் வந்தாள். மேலே எறிவதுபோலக் காட்டினாள். என் கை கொஞ்சம் உயர்ந்தது, முழங்கால் மடியவில்லை. அவள் மட்டையின் தலை சரிவது தெரிந்தது. பிறகு மணிக்கட்டுக்குப் பக்கத்தில் டக்கென்று ஓர் அதிர்வு. பந்து என் கால்களுக்கு முன்னால் புல்லில் கிடந்தது. நான் தடுத்தேனா, அது வந்து மட்டையில் மோதியதா என்று இன்றைக்கும் என்னால் சொல்லமுடியாது. அதன் பின் கிட்ட வந்த இன்னும் சில பந்துகளையும் தடுத்தேன். சிலவற்றை விட்டும்விட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். "இன்று நீ பொறுத்தாய்" என்றார் பயிற்சியாளர். நான் பொறுக்கவில்லை, கையைத் தூக்கப் பிந்திவிட்டேன் என்றே எனக்குப் பட்டது. கண் திறந்திருந்தது என்பது மட்டும் நிச்சயம். அந்த எதிரணிக்காரியின் மட்டை வலையில் ஒரு முடிச்சு அவிழ்ந்து தொங்கியதுகூட ஞாபகமிருக்கிறது.

அம்மா வேலிக்கு வெளியே காத்திருந்தார்.

"வெண்டிட்டியளோ?"

"இல்லை அம்மா. தோத்துப்போனம்."

"அப்ப ஏன் எல்லாரும் உன்னைக் கட்டிப்பிடிச்சவை?"

"நான் நல்லா நிண்டனாம்."

அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நிண்டதுக்கோ?" என்றார். பிறகு கையை நீட்டி என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.